கச்சேரிக் கீபோர்டு: பாட்டுக்கு ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டுமா?

கேள்வி: ஐயா, காரிமங்கலம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களிலும் ஓசூர் மண்டபங்களில் நடக்கும் வரவேற்புகளிலும் மூன்று ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பது யமஹா பி.எஸ்.ஆர். எஸ்.எக்ஸ் 700. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஸ்டைலோடு (கருவி தானே வாசிக்கும் தாள, பின்னணி அமைப்போடு) வரும் ஒன் டச் செட்டிங்கே (அந்த ஸ்டைலுக்கென்று தயாராக இருக்கும் டோன்களே, அதாவது ஒலிகளே) மேடைக்குப் போதும் என்கிறார். உடன் வாசிக்கும் நண்பரோ, ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ரிஜிஸ்ட்ரேஷன் (ஸ்டைல், டோன், டெம்போ எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் சேமிக்கும் பதிவு) போட்டு வைக்க வேண்டும் என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கச்சேரியில் பாட்டு வரிசையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஒத்திகை பார்த்து, பாடகர், சுருதி, வரிசை மூன்றும் முன்பே முடிவான மெல்லிசைக் குழுவில் உங்கள் நண்பர் சொல்வது முற்றிலும் சரி. மாரியம்மன் திருவிழா மேடையில் நிலைமை வேறு. கரகம் வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ற பாட்டு, அதன் பிறகு சீட்டில் எழுதி அனுப்பப்படும் நேயர் விருப்பம், ஓசூர் மண்டபம் என்றால் இடையே தெலுங்கிலும் கன்னடத்திலும் இரண்டு மூன்று பாட்டுகள் என்று, வரிசை அங்கேயே உருவாகிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு வரவேற்புக்காக ஏறத்தாழ நாற்பது பாட்டுகளுக்குப் பதிவு செய்து, காலால் மிதிக்கும் சுவிட்சை அழுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி ரிஜிஸ்ட்ரேஷன் சீக்குவென்ஸையும் அமைத்துக்கொண்டு போயிருந்தேன். ஐந்தாவது பாட்டிலேயே மணமகன் வீட்டார் வேறொரு பாட்டைக் கேட்க, பாடகி தொடங்கிவிட்டார். நான் அந்தப் பாட்டு இருந்த பேங்கை (பதிவுகளின் தொகுப்பை) தேடிப் பிடிப்பதற்குள் பல்லவி முடிந்துவிட்டது. துணையில்லாமல் தனியே பாடிய அவருடைய தவிப்பை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து என் அமைப்பை மாற்றிக்கொண்டேன்.

உங்கள் கருவியில் உள்ள பிளேலிஸ்ட்டில் பாட்டின் பெயரைத் தேடி அதற்குரிய பதிவை எடுக்க முடியும். கோர்க் பிஏ வரிசையில் இதே வேலையை சாங்புக் செய்கிறது. எனவே வரிசை மாறுவது மட்டுமே சிக்கல் என்றால் நண்பரின் வழிக்கு இது உதவும். ஆனால் சுருதிச் சிக்கல் அப்படியே இருக்கும். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் பாடகருக்காக ட்ரான்ஸ்போஸை (ஒரு கட்டையில் வாசிப்பதையே அரைச் சுரப் படிகளில் ஏற்றி இறக்கி வேறு சுருதியில் ஒலிக்க வைக்கும் அமைப்பை) பிளஸ் 1 வைத்து ஒரு பாட்டைப் பதிந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே பாட்டை அடுத்த வாரம் ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் பாடினால் உங்களுக்கு வேண்டியது மைனஸ் 4. நீங்கள் அதைக் கையால் மாற்றி வைத்த பிறகு, பாட்டின் நடுவில் டோனுக்காக வேறொரு பதிவுப் பொத்தானைத் தொட்டால், அதில் பதிந்திருக்கும் பழைய ட்ரான்ஸ்போஸ் திரும்பி வந்து பாடகியின் சுருதியைக் குலைத்துவிடும். மேடையில் நான் கேட்ட விபத்துகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. மெமரி பொத்தானை அழுத்தும்போது எவற்றைப் பதிய வேண்டும் என்று திரை கேட்கிறதல்லவா, அங்கே ட்ரான்ஸ்போஸுக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டுப் பதியுங்கள்.

உங்கள் ஆசிரியர் சொல்லும் ஒன் டச் செட்டிங்கில் ஒரு ஸ்டைலுக்கு நான்கு அமைப்புகள் உண்டு. ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் பொருத்தமான டோன்கள் உடனே கைக்கு வந்துவிடும். எந்தப் பாட்டைக் கேட்டாலும் சில நொடிகளில் தொடங்க இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு குறைகளை மட்டும் சொல்ல வேண்டும். ஒன் டச் செட்டிங்கை ஸ்டைலின் பகுதிகளோடு இணைக்கும் ஓ.டி.எஸ். லிங்க் இயங்கினால், மெயின் ஏ என்ற பகுதியிலிருந்து சி-க்குப் போகும்போது தாளத்தோடு வலது கை டோனும் மாறிவிடும். சரணத்தில் புல்லாங்குழல் தொடர வேண்டிய இடத்தில் பிராஸ் வந்து நிற்கும். ஆகவே லிங்க்கை அணைத்து வையுங்கள். இரண்டாவதாக, அந்த டோன்களைத் தேர்ந்தவர்கள் மேற்கத்திய பாட்டுகளை மனத்தில் கொண்டு தேர்ந்தவர்கள். நாதஸ்வரமும் வீணையும் நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

ஆகையால் நான் பின்பற்றுவது, பாட்டுக்கு ஒன்று என்றில்லாமல் ஒலிக்கு ஒன்று என்று பதிவது. உங்கள் கருவியில் ஒரு பேங்குக்குப் பத்துப் பொத்தான்கள். முதல் பொத்தானில் நீங்கள் அதிகம் வாசிக்கும் ஸ்டைல், டெம்போ, ஒலியளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பதியுங்கள். மற்ற ஒன்பதிலும் புல்லாங்குழல், நாதஸ்வரம், வயலின் கூட்டம், பியானோவோடு சேர்ந்த ஸ்ட்ரிங்ஸ் என்று வலது கை ஒலிகளை மட்டும் வையுங்கள். பிறகு, குறித்தவற்றை மாறாமல் நிறுத்தி வைக்கும் ஃப்ரீஸில் ஸ்டைல், டெம்போ, ட்ரான்ஸ்போஸ் மூன்றையும் குறித்து அதை இயக்கிவிட்டால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஓடிக்கொண்டிருக்கும் தாளம் அசையாது, டோன் மட்டும் மாறும். பொத்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். விரல் பழகிய பின் இடத்தை மாற்றாதீர்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் நேரத்திலும் இதன் அருமை தெரியும். சேமித்த பேங்கைத் திறந்து, ஃப்ரீஸ் அணைந்திருக்கும் நிலையில் முதல் பொத்தானை அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும். ட்ரான்ஸ்போஸை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தாளமில்லாமல் பாடும் விருத்தத்துக்கென்று தனிப் பதிவு தேவையில்லை. கருவியின் 61 கட்டைகளில் (விரலால் அழுத்தும் விசைகளில்), தொடக்க அமைப்பின்படி, இடப்புறம் 19 கட்டைகள் கார்டுக்கென்று (இடது கையால் பிடிக்கும் சுரக்கூட்டுக்கென்று) போய்விடுகின்றன. வலது கைக்கு மிஞ்சுவது 42. ஸ்டைலின் பின்னணி இசையை இயக்கும் ஏ.சி.எம்.பி. பொத்தானையும் இடது கை டோனையும் அணைத்தால் 61 கட்டைகளும் வலது கை டோனுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் தபலாவும் டோலக்கும் உண்டு, கோயில் நிகழ்ச்சிகளில் பம்பையும் சேரும். கீபோர்டின் தாளம் அவற்றோடு மோதுகிறது. இதற்காகத் தனியாக ஸ்டைல் செய்துகொள்ள வேண்டுமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: வேண்டாம். யமஹா ஸ்டைலில் எட்டுச் சேனல்கள் இருக்கின்றன: ரிதம் இரண்டு, பேஸ் ஒன்று, கார்டு இரண்டு, பேட் ஒன்று, ஃப்ரேஸ் இரண்டு. சேனல் திரையில் ரிதம் இரண்டையும் அணைத்துவிட்டால் பேஸ், கார்டு முதலான மற்றவை மட்டும் ஒலிக்கும். தபலா வாசிப்பவருக்கு அவருடைய இடம் திரும்பக் கிடைக்கும். டெம்போவைப் பாட்டின் தொடக்கத்தில் டேப் பொத்தானைத் தட்டி அவருடைய கைக்கு ஏற்ப அமையுங்கள்.

பம்பைக்கு இதுவும் உதவாது. பம்பைக்காரர் சாமி வரவழைக்கும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார். அவரை இயந்திரத்தின் கணக்கில் நிறுத்தி வைப்பது அந்தக் கலைக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அந்த நேரத்தில் ஸ்டைலை முழுவதும் நிறுத்திவிட்டு, இடது கையில் ஸ்ட்ரிங்ஸ் கார்டைப் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டை மட்டும் வாசியுங்கள்.

கேள்வி: நண்பரின் பென் டிரைவிலிருந்து வாங்கிய ஸ்டைல்களை வைத்துப் பதிவு செய்தேன். மேடையில் பொத்தானை அழுத்தியபோது அந்த ஸ்டைல் வரவேயில்லை. கருவி பழுதாகிவிட்டதா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: கருவியில் பழுது இருக்க வாய்ப்பில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டைலைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அது எந்த இடத்தில், எந்தப் பெயரில் இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறது. பென் டிரைவைக் கழற்றினாலும், ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் அந்த முகவரி செல்லாது. ஸ்டைல்களைக் கருவியின் யூசர் நினைவகத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்து திறந்து, ஒவ்வொரு பதிவையும் மறுபடி செய்து, பேங்கையும் அங்கேயே சேமியுங்கள். அதன் பிறகு கருவியை ஒருமுறை அணைத்து இயக்கி, பென் டிரைவ் இல்லாமலே எல்லாப் பொத்தான்களையும் வீட்டில் அழுத்திப் பார்த்துவிட்டு மேடைக்குப் புறப்படுங்கள்.