3 சென்ட் மனைக்கு நீள அகலம் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஒத்தக்கடை பக்கம் 3 சென்ட் மனை. பத்திரத்தில் பரப்பும் நான்கெல்லையும் மட்டும் இருக்கின்றன, அடிக்கணக்கு இல்லை. பக்க அளவை எப்படிக் கணக்கிடுவது?

பரப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 3 சென்ட் 1306.8. 20 அடிக்கு 65.34 அடி போட்டாலும் 3 சென்ட்தான், 30-க்கு 43.56 போட்டாலும் 3 சென்ட்தான். இன்னும் ஒரே ஒரு விவரம் கையில் வேண்டும்.

அதில் சுலபமாகக் கிடைப்பது ரோட்டு முகப்பு. முகப்பை அளந்து, பரப்பை அதனால் வகுங்கள். முகப்பு 30 அடி என்றால் உள்நீளம் 43.56 அடி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: 43.56 என்பது 43 அடி 5½ அங்குலம் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 12-ஆல் பெருக்க வேண்டும். 0.56 × 12 = 6.72, அதாவது 43 அடி 6¾ அங்குலம்.

முகப்பு தெரியாமல் நான்கு பக்கத்தின் மொத்தச் சுற்றளவு மட்டும் தெரிந்தாலும் கணக்கு வரும். சுற்றளவு 148 அடி என்று வையுங்கள். கால்வாசி 37. 37-ஐ 37-ஆல் பெருக்கினால் 1369, அதில் பரப்பைக் கழித்தால் 62.2, அதன் வர்க்கமூலம் 7.89. இதை 37-உடன் கூட்டினால் நீளம் 44.89, கழித்தால் அகலம் 29.11. 3 சென்ட்டுக்குச் சுற்றளவு 144.6 அடிக்குக் கீழே வந்தால் அப்படி ஒரு நீள்சதுரமே கிடையாது. டேப் பிடித்ததிலோ பரப்பிலோ தவறு இருக்கிறது.

இதெல்லாம் நான்கு மூலையும் மட்டமாக (90 டிகிரியாக) இருந்தால் மட்டுமே. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ‘கிழமேலடி வடபுறம் 28, தென்புறம் 32, தென்வடலடி மேல்புறம் 43, கீழ்புறம் 44’ என்று நான்கு அளவு எழுதியிருப்பார்கள் (கிழமேலடி கிழக்கு-மேற்கு அளவு, தென்வடலடி தெற்கு-வடக்கு அளவு). எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கிப் பரப்பு சொல்வது வழக்கம். மூலை கோணலாக இருந்தால் இந்த முறை எப்போதும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம்.

ஆகவே குறுக்களவு (ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு) எடுக்காமல் விடாதீர்கள். 30 × 43.56 மனை மூலைமட்டமாக இருந்தால் இரண்டு குறுக்களவும் 52.89 அடி, கிட்டத்தட்ட 52 அடி 10¾ அங்குலம். பக்கங்கள் சரியாக இருந்து ஒரு குறுக்களவு மட்டும் 50 அடி வந்தால், மற்றது 55.6 வரும். அப்போது பரப்பில் குறைவது வெறும் 8½ சதுர அடி, ஆனால் பின்மூலை கிட்டத்தட்ட 5 அடி நகர்ந்து நிற்கும். பரப்பு சரியாக இருக்கிறதே என்று வானம் தோண்டினால் சுவர் பக்கத்து மனைக்குள் போய்விடும்.

பட்டாவிலிருந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று. 3 சென்ட் உண்மையில் 121.41 சதுர மீட்டர். ஹெக்டேர்-ஏர் கணக்கில் அது 1.21 ஏர் என்று முழுமைப்படுத்தப்படும் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்). 121-ஐ 10.764-ஆல் பெருக்கினால் 1302.4 சதுர அடிதான் வரும். 30 அடி முகப்புக்கு உள்நீளம் 43 அடி 5 அங்குலம், ஒன்றே முக்கால் அங்குலம் குறைவு. இந்த வித்தியாசத்துக்காகப் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அது முழுமைப்படுத்தியதால் வந்தது.

உங்கள் மனைக்கு முதலில் சர்வே எண்ணை வைத்துப் புலப்படம் (FMB, அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். உங்கள் உட்பிரிவு (சர்வே எண்ணில் உங்கள் பங்குக்குப் பிரித்த பகுதி) அதில் தனியாக இருந்தால் பக்க அளவுகள் மீட்டரில் இருக்கும், 3.281-ஆல் பெருக்கினால் அடி. உட்பிரிவு ஆகாமல் கூட்டுப் பட்டாவில் இருந்தால் படத்தில் உங்கள் பங்குக்குக் கோடே இருக்காது. அப்போது மேலே சொன்ன கணக்கை வைத்துச் சுவர் எழுப்பாதீர்கள். சர்வேயர் அளந்து கல் ஊன்றிய பிறகு, கல்லுக்குக் கல் டேப் பிடித்து ஒத்துப் பாருங்கள்.