அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் இனம், மதம் கேட்டால் நிரப்பலாமா, காலியாக விடலாமா?

மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான், 'ஏசியன்' என்று டிக் அடித்தால் வாய்ப்பு குறைந்துவிடும், காலியாக விடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், மதத்தைக் கேட்டால் இந்து என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெண் விண்ணப்பித்தபோது எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து ஓடியது. வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு சட்ட நிபுணர் வேறு.

என் பதில்: இனத்தை உள்ளபடி போடுங்கள், விட்டாலும் குடி முழுகாது. மதம், அந்தக் கல்லூரியே மதம் சார்ந்ததாக இருந்தாலொழிய, எழுதவேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் கவலைப்படவேண்டிய கட்டம் வேறு ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வது ஆதாரமே இல்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஹார்வர்டு மீதான வழக்கில் வெளிவந்த ஆவணங்களில், படிப்பிலும் மற்ற திறமைகளிலும் நன்றாக இருந்த ஆசிய மாணவர்களுக்கு 'பர்சனல் ரேட்டிங்' என்ற ஆளுமை மதிப்பெண் மட்டும் சராசரியாகக் குறைந்திருந்தது. வேண்டுமென்றே செய்த பாகுபாடு இல்லை என்று 2019-ல் கீழ் நீதிமன்றம் சொன்னாலும் அந்த எண்கள் நம்மவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் அது பழைய கதை. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகம் இரண்டு வழக்குகளிலும் தீர்ப்பு சொல்லிவிட்டது. டிக் அடித்த இனத்தை வைத்து ஒருவருக்குக் கூடுதல் குறைவு போடக்கூடாது. அந்த வருட ஆகஸ்டிலிருந்து, ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் என்ற இணையதளத்தில், கல்லூரி விரும்பினால் அந்தப் பதிலையே தன் பார்வைக்கு வராமல் மறைத்துக்கொள்ளும் வசதியும் வந்தது. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது புதிதே இல்லை, 1996-ல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற 209-ஆம் தீர்மானத்துக்குப் பிறகு அங்கே சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதில்லை.

சரி, அப்படியும் காலியாக விட்டால் என்ன? விட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பையன் பெயர், அதற்குக் கீழே உங்கள் பெயர், நீங்கள் படித்த கல்லூரி, வீட்டில் பேசும் மொழி. அப்புறம் செயல்பாடுகள் பட்டியலில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியர், மிருதங்கம், கோவில் சமையலறைத் தொண்டு. அப்பாவுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ., பையன் பெயர் கார்த்திகேயன். இனக் கட்டத்தை மட்டும் விட்டால் படிப்பவருக்குத் தெரியாமல் போகுமா?

எண்களிலும் ஒரு சீரான கதை இல்லை. தீர்ப்புக்குப் பின் சேர்ந்த முதல் வகுப்பில் எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40 சதவீதத்திலிருந்து 47 ஆனது. யேலில் 30-லிருந்து 24-ஆக இறங்கியது. ஹார்வர்டில் 37-லேயே நின்றது. பிரின்ஸ்டனில் இனத்தைச் சொல்லாதவர்கள் 1.8 சதவீதத்திலிருந்து 7.7 ஆனார்கள், அதில் உங்கள் நண்பர்கள் யோசனையைக் கேட்டவர்கள் எத்தனை பேரோ. இதை வைத்துக்கொண்டு டிக் அடித்தால் லாபம், விட்டால் நஷ்டம் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள், குறிப்பாகக் காசு வாங்கும் கன்சல்டன்ட் சொன்னால்.

பொய் மட்டும் வேண்டாம். நடிகை மிண்டி கேலிங்கின் அண்ணன் விஜய் சொக்கலிங்கம், தொண்ணூறுகளின் இறுதியில் கறுப்பினத்தவர் என்று போட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததாகப் பின்னாளில் தானே வெளியே சொன்னார். ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது, படிப்பை முடிக்கவில்லை. இன்று எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறோம், பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

தீர்ப்பில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதினால் கல்லூரி அதைப் படித்து எடைபோடலாம், அந்த அனுபவம் அவருடைய குணத்தையோ திறமையையோ காட்டும் அளவுக்கு. இதைப் படித்துவிட்டு நம் பெற்றோர்கள் உடனே அரங்கேற்றம், பாட்டி, மதிய உணவு டப்பாவில் சாம்பார் சாதத்தைப் பார்த்து மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தியது என்று எஸ்ஸேக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த டப்பா எஸ்ஸேயைப் படித்துப் படித்து அட்மிஷன் ஆட்களுக்கு அலுத்திருக்கும். என் பெண் இனத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கோடையில் பழைய சைக்கிள்களைப் பிரித்துச் சரிசெய்து விற்றதைப் பற்றி எழுதினாள், பாட்டி அதில் செயினுக்கு எண்ணெய் போடுபவராக வந்துபோனார், அவ்வளவுதான். 650 வார்த்தைதான் இடம், பையனுக்குச் சொல்ல உண்மையாக ஏதாவது இருந்தால் எழுதட்டும், இல்லையென்றால் வலிந்து எழுதவைக்காதீர்கள்.

மதம் பற்றி. பெரும்பாலான இடங்களில் கேட்பதே இல்லை, கேட்டாலும் விருப்பமிருந்தால் சொல்லலாம் என்ற வகைதான். இந்தக் கேள்விக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1922-ல் ஹார்வர்டின் தலைவர் லோவெல் யூத மாணவர்கள் எண்ணிக்கையைக் குறைக்க நினைத்தார். அந்த வருட விண்ணப்பப் படிவத்தில் இனம், நிறம், மதம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பா பிறந்த ஊர், உன் பெயரையோ அப்பா பெயரையோ எப்போதாவது மாற்றியதுண்டா என்றெல்லாம் கேட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டவனையும் விடக்கூடாது என்ற எண்ணம்! அதனால் மதக் கேள்வியைப் பார்த்து ஒருவர் தயங்கினால் அது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்குச் சில கத்தோலிக்கக் கல்லூரிகள் கேட்கலாம், அங்கே இந்து என்று போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. மார்மன் திருச்சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில்தான் மதம் நிஜமாகவே கணக்கில் வரும். சபையைச் சேராதவர்களுக்கு அங்கே கட்டணம் இரண்டு மடங்கு.

இப்போது அந்த வேறு கட்டம். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பையன் சிட்டிசனாகவோ கிரீன் கார்டுடனோ இருந்தால் இதை விட்டுவிடுங்கள். எச்4-ல், அதாவது எச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் விசாவில் இருந்தால், இனக் கட்டத்தைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது குடியுரிமைக் கட்டத்துக்குக் கொடுங்கள். இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் பல தனியார் கல்லூரிகள் அவனை இன்டர்நேஷனல் வரிசையில் வைத்துத்தான் பார்க்கும். அரசுக்கு அனுப்பும் புள்ளிவிவரத்திலும் விசாவில் இருப்பவர்களை இனவாரியாகப் பிரிப்பதில்லை, தனி வரியில் போட்டுவிடுவார்கள், ஆக அவன் 'ஏசியன்' என்று டிக் அடித்தது அந்தக் கணக்கிலேயே வராது. மத்திய அரசின் கல்வி உதவியும் கிடைக்காது. இன்டர்நேஷனல் மாணவர்களுக்கும் பண வசதியைப் பார்க்காமல் இடம் தருவது ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள்தான். மற்ற பல இடங்களில் உதவித்தொகை வேண்டும் என்று டிக் அடிப்பதே வாய்ப்பைக் குறைக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் எச்4 மாணவனை எந்த வரிசையில் வைப்பீர்கள், உதவித்தொகைக்கு என்ன விதி என்று மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பையனே போடட்டும், அப்பா பெயரில் போகவேண்டாம்.