மாடித் தோட்டக் கம்போஸ்ட் சீக்கிரம் மக்க எந்த ஆக்டிவேட்டர் வாங்கலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையில் மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் டிரம், தினமும் சமையலறைக் கழிவு, மூன்று மாதம் ஆகியும் பாதிகூட மக்கவில்லை, அடியில் சொதசொதவென்று நாற்றம். கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற பொடி, திரவங்களில் எதை வாங்கினால் வேகம் கூடும்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் டிரம்மில் நுண்ணுயிருக்குப் பஞ்சமே இல்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். அழுகின முட்டை மாதிரி வாடை வந்தாலே அடியில் காற்று போகவில்லை என்று அர்த்தம். காற்று இல்லாமல் வேலை செய்கிற நுண்ணுயிர்கள் மெதுவானவை, நாற்றமும் அவற்றின் கைங்கரியம்தான். பாலில் சூடு பதமாக இல்லையென்றால் எவ்வளவு உறை ஊற்றினாலும் தயிர் தோயாது, ஆக்டிவேட்டர் கதையும் அப்படித்தான்.

ஆக்டிவேட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைச் சரக்கு விற்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நுண்ணுயிரையே பாட்டிலில் அடைத்துத் தருவது. இன்னொன்று, ஏற்கனவே இருக்கும் நுண்ணுயிருக்குத் தீனி, அதாவது நைட்ரஜன். கழிவு வேகமாக மக்க 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருப்பது தோது. காய்கறித் தோல், கீரைத் தண்டு, காபி சக்கை இதெல்லாம் நைட்ரஜன் பக்கம். சருகு, அட்டை, மரத்தூள், தேங்காய் நார் கார்பன் பக்கம். வெறும் சருகைக் குவித்து வைத்திருப்பவருக்குச் சாணமோ, சாணக் கரைசலோ, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கோ தெளித்தால் நிஜமாகவே வேகம் பிடிக்கும். உங்களைப் போலச் சமையலறைக் கழிவு மட்டும் போடுபவருக்கு நைட்ரஜன் ஏற்கனவே அதிகம். அதன்மேல் யூரியாவோ புண்ணாக்கோ போட்டால் அம்மோனியா நெடிதான் மிச்சம், பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வருவார்.

நுண்ணுயிர் வகையில் பிரபலமானது இ.எம். (எஃபெக்டிவ் மைக்ரோஆர்கனிசம்ஸ்) கரைசல். ஜப்பானின் ஒகினாவாவைச் சேர்ந்த பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கியது. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா கலந்த கலவை. அதில் முதலாவது ஆள் நம் வீட்டுப் புளித்த மோரில் தாராளமாக இருக்கிறார். அடுத்தது வேஸ்ட் டீகம்போசர். காசியாபாத்தில் இருக்கும் மத்திய அரசின் இயற்கை வேளாண் மையம் 20 ரூபாய் பாட்டிலாகக் கொடுத்துப் பரவலானது. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் போட்டு, அதில் ஒரு பாட்டிலைக் கலந்து, தினமும் கிளறிவிட்டால் ஒரு வாரத்தில் தயார். மாடித் தோட்டத்துக்கு 20 லிட்டர் வாளியும் 200 கிராம் வெல்லமும் போதும். தீரும்போது மீதியில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி வெல்லத் தண்ணீரில் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு விஷயம்: மெட்ரோ வாட்டரைப் பிடித்த கையோடு இதில் ஊற்ற வேண்டாம், குளோரின் இருக்கும். முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. முதல்முறை தொடங்கும்போது ஒரு உந்துதல் கொடுக்கும், வாடையும் கொஞ்சம் அடங்கும். ஆனால் இலவசமாகக் கிடைக்கிற ஒன்று இவை எல்லாவற்றையும்விட மேல் என்பது என் கட்சி: ஏற்கனவே முக்கால்வாசி மக்கின கம்போஸ்ட். உங்கள் வீட்டுக் கழிவுக்கும் உங்கள் மாடிச் சூட்டுக்கும் பழகின உயிர்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு கைப்பிடி தூவுங்கள். உங்களிடம் இல்லையென்றால் மாடித் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு கேரி பேக் கேட்டு வாங்குங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, வேகம் உண்மையில் எங்கே கிடைக்கிறது? கத்தியில். முழு வாழைப்பழத் தோலையும் விரல் நீளத்துக்கு நறுக்கின தோலையும் ஒரே நாளில் போட்டுப் பாருங்கள். நறுக்கினது கறுத்துக் குழைந்து அடையாளம் தெரியாமல் போகும்போது, முழுத்தோல் பதப்படுத்தின தோல் மாதிரி வார் வாராகக் கையில் வரும். முட்டைக்கோஸ் அடித்தண்டு, வாழைப்பூ மடல், மென்று துப்பின முருங்கைக்காய் சக்கை, பலாச்சடை, சோளக்கட்டை இவைதான் பெரிய வம்புக்காரர்கள். எங்கள் வீட்டில் காய் நறுக்கும்போதே தோலையும் அதே அரிவாள்மனையில் ஒரு முறை இழுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மிக்சியில் கூழாக அரைக்கச் சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். கூழ் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். மாங்கொட்டை, இளநீர் மட்டை, தேங்காய்ச் சிரட்டை மூன்றையும் டிரம் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

அடுத்தது காய்ந்த பொருள். உங்கள் பிரச்சினையில் பாதி இதுதான். ஒரு பாத்திரம் ஈரக் கழிவு போட்டால் அதே பாத்திரத்தில் இரண்டு பாத்திரம் சருகு போட வேண்டும். சருகு கார்பனையும் தருகிறது, இடையிடையே காற்றுக்கு வழியும் விடுகிறது. சென்னையில் சருகுக்கு எங்கே போவது என்பார்கள். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் உதிர்க்கிற உதிர்ப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. தெரு பெருக்குகிற அம்மாவிடம் சொல்லிவைத்தால் மண், பிளாஸ்டிக் கலக்காமல் தனியாகக் கூட்டிக் குவித்துத் தருவார், அவருக்கும் சுமை குறையும். ஒரு டீக்குக் காசு கொடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலை பொடிசு, நொறுக்கவே வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்தது. அரிசி மூட்டைப் பையில் நாலைந்து மூட்டை அடைத்து வைத்தால் மழைக்காலம் தாண்டும். மா இலையும் பாதாம் இலையும் தடிப்பு, கையால் நொறுக்கிப் போடுங்கள்.

சருகு கிடைக்காதவர்கள் கோகோபீட், அதாவது தென்னை நார்க்கழிவுத் தூள் போடுகிறார்கள். ஈரத்தை உறிஞ்ச அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதில் கார்பன், நைட்ரஜனைப்போல் 100 மடங்குக்கு மேல் இருக்கும், மரத்துக்குக் கெட்டித்தன்மை தருகிற லிக்னின் என்ற பொருளும் அதிகம், எனவே அது தானாகச் சீக்கிரம் மக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவை மக்கவைக்கச் சிப்பிக் காளானையும் யூரியாவையும் சேர்த்துப் பரிந்துரைப்பது இதனால்தான். ஆகவே உறிஞ்சுவதற்காக ஒரு பிடி மட்டும் போதும், மீதி இடத்தைச் சருகுக்கோ கிழித்த செய்தித்தாளுக்கோ விடுங்கள்.

ஈரப் பதம் பார்க்கக் கருவி வேண்டாம். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்து, கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நின்றால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு போடுங்கள், பொலபொலவென உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாடி டிரம்மின் மேல்பகுதி அப்பளம் போலக் காய்ந்து மக்குவது அப்படியே நின்றுவிடும், அப்போது நிழலும் தண்ணீரும்தான் ஆக்டிவேட்டர். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. மூடி இருந்தாலும் காற்றோடு அடிக்கிற சாரல் பக்கத் துளை வழியாக உள்ளே போகும். துளைகளை மூடிவிடாதீர்கள், டிரம்மை இரண்டு செங்கல் மேல் தூக்கிவைத்து, படிக்கட்டுக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள்.

கிளறுவது நாலைந்து நாளைக்கு ஒரு முறை. அடியில் இருப்பது மேலே வர வேண்டும், மேலோட்டமாகக் கரண்டி போடுவது கணக்கில் சேராது. இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு வழி: காலியான இன்னொரு டிரம்முக்கு மொத்தத்தையும் கொட்டி மாற்றிவிடுங்கள், அதுவே முழுக் கிளறல். உங்களுடையதை இன்றைக்கே இப்படிக் கொட்டி, கொட்டும்போதே சருகைக் கலந்துகொண்டு போனால் இரண்டு மூன்று நாளில் வாடை போய்விடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவியல் 55 டிகிரிக்கு மேல் கொதிக்கும், களை விதை செத்துப்போகும் என்று படித்திருப்பீர்கள். அது நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடி இருக்கிற குவியலுக்கு. 50 லிட்டர் டிரம்மில் சூடு நிற்காது. அடுக்குமாடியில் நாலு வீடு சேர்ந்து கீழே ஒரே கம்பிவலைத் தொட்டி வைத்தால் தனித்தனி டிரம்மைவிட வேகமாக மக்கும். சங்கக் கூட்டத்தில் இதைச் சம்மதிக்கவைப்பது தனிக் கலை, அதற்கு என்னிடம் ஆக்டிவேட்டர் இல்லை.

அப்புறம் புழு. தட்டையாக, பழுப்பு வெள்ளை நிறத்தில், கணுக்கணுவாக, பெரிசு பெரிசாக நெளிவதைப் பார்த்ததும் பினாயில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற கருப்பு ஈயின் புழு. கழிவை அது தின்கிற வேகத்துக்கு எந்தப் பொடியும் ஈடாகாது. வளர்ந்த ஈ வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டை மொய்ப்பதும் இல்லை. பினாயில், உப்பு, மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள், புழுவோடு நுண்ணுயிரும் போய்விடும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் மேலே ஒரு சாண் சருகு போட்டு மூடுங்கள். புழு மிக அதிகமாகத் தெரிந்தால் உள்ளே ஈரமும் சாப்பாட்டு மிச்சமும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். சமைத்த சாதம், எண்ணெய்க் குழம்பு, மீன் முள்ளைச் சின்ன டிரம்மில் தவிர்த்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தால் சென்னை வெயிலில் ஒன்றரை முதல் இரண்டு மாதம், மழைக்காலத்தில் கூடுதலாக ஒரு மாதம் ஆகும். ஆக்டிவேட்டர் பாக்கெட்டில் போட்டிருக்கும் 30 நாள் கணக்கு பார்வைக்குக் கறுப்பாவதற்கு மட்டும்தான். அதை அப்படியே செடிக்குப் போட்டால் மீதி மக்குவதற்காக மண்ணிலிருக்கும் நைட்ரஜனை அது இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கப் கம்போஸ்டில் வெந்தயம் தூவிப் பாருங்கள். நன்றாக முளைத்தால் தயார். முளைக்காமலோ நுனி கருகியோ போனால் இன்னும் இரண்டு வாரம் நிழலில் ஆறப்போடுங்கள். தயாரானதும் தொட்டி மண்ணில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கலக்கத் தேவையில்லை.