தந்தி கேள்வி பதில்: ஸ்டாப் பாரா, ட்ரபீஸா?

கேள்வி: அண்ணே வணக்கம். லைட் மியூசிக் ட்ரூப்ல லீட் கித்தார் வாசிக்கிறேன். எங்கிட்ட இருக்கிறது கிப்சன் கம்பெனியோட 335 மாதிரியில கொரியாவுல செஞ்ச செமி ஹாலோ (ரெண்டு ஓரமும் உள்ள காலி, நடுவுல மரக்கட்டை), செகண்ட் ஹேண்டா வாங்கினது. எங்க ஊர் உப்புக்காத்தும் கை வேர்வையும் சேர்ந்து டெயில்பீஸ்ல (தந்தியோட அடிமுனையப் புடிக்கிற உலோகத் துண்டு) பூச்செல்லாம் உரிஞ்சு பொரிபொரியா ஆயிருச்சு, உள்ளங்கைய வச்சா அறுக்குது. கிப்சனுக்குப் போடுறதுன்னு சொல்லி ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். அதோட ஸ்டட் (டெயில்பீஸை கித்தார்ல நிறுத்துற திருகு) ரெண்டு சுத்து போகுது, அப்புறம் நின்னுடுது. ஸ்பானர் போட்டு முறுக்கிடலாமா? கீபோர்டு வாசிக்கிற அண்ணன், இதைக் கழட்டிட்டு ட்ரபீஸ் (கித்தாரோட அடி ஓரத்துல மாட்டுற டெயில்பீஸ்) போட்ருடாங்கிறாரு. பிக்ஸ்பி (கைப்பிடிய அசைச்சு சுதிய ஆட்டுற டெயில்பீஸ்) மேலயும் ஒரு ஆசை இருக்கு. எது சரி? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: ஸ்பானரை மொதல்ல கீழ வைங்க தம்பி. ரெண்டு சுத்து போய் நிக்குதுன்னா அது அழுக்கு இல்ல, மரையே வேற. அமெரிக்க கிப்சன் ஸ்டட் 5/16 இன்ச்சு, இன்ச்சுக்கு 24 மரை. கொரியா, சைனா கித்தார்ல பெரும்பாலும் 8 மில்லி, 1.25 பிட்ச். தடிமன்ல ரெண்டுக்கும் முடியளவுதான் வித்தியாசம், அதனாலதான் ஆரம்பத்துல உள்ள ஏறி ஆசை காட்டுது. முறுக்கினா மரத்துல பதிஞ்சிருக்கிற புஷ்ஷோட (ஸ்டட் ஏறுற உலோகக் குழாய்) மரை போயிடும், இல்லன்னா புஷ்ஷே மரத்தைப் பேத்துக்கிட்டு வெளிய வரும். உங்களுக்கு அறுக்குறது பார்தானே (ஸ்டட் ரெண்டும் புடிச்சிருக்கிற டெயில்பீஸ், ஸ்டாப் பார்னு சொல்றது), பழைய ஸ்டட்டையே வச்சுக்கிட்டு புது பாரை மட்டும் மாட்டுங்க, வேலை முடிஞ்சுது. ரெண்டு ஸ்டட்டோட மையத்துக்கு மையம் தூரம் சுமார் 82 மில்லிமீட்டர் இருக்கும், ஆனா நான் சொன்னேன்னு விட்டுடாம அளந்து பாத்துக்கங்க.

ஸ்டட்டும் துரு புடிச்சு மாத்தியே ஆகணும்னா 8 மில்லி ஸ்டட்டா கேட்டு வாங்குங்க. பழசு இறுகிப் போயிருந்தா எண்ணெய ஸ்ப்ரே பண்ணாதீங்க, மரம் குடிச்சுரும், காது குடையிற பஞ்சுக்குச்சியில ஒரு சொட்டு தொட்டு மரை ஓரமா வச்சு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில அகலமான திருப்புளியால மெதுவா திருப்புங்க, பாலீஷ்ல கீறல் விழாம கீழ ஒரு பழைய துண்டு போட்டுக்கங்க. புஷ்ஷை மட்டும் புடுங்கிடாதீங்க. எர்த் வயர் அந்த ரெண்டு புஷ்ல ஒண்ணுக்குப் பக்கவாட்டு ஓட்டை வழியா வந்துதான் உரசிக்கிட்டு நிக்கும். அது உள்ள விழுந்துச்சுன்னா கித்தார் மேல எஃப் எழுத்து மாதிரி இருக்கிற எஃப் ஓட்டை வழியா கம்பி விட்டு தூண்டில் போடுற கதைதான், ஒரு ஆடி மாசத்துல கச்சேரிக்கு மொத நாள் நான் போட்டிருக்கேன், ராத்திரி ஒன்றரை மணி ஆச்சு. எல்லாம் மாட்டினப்புறம் மல்டிமீட்டர்ல ஒரு முனைய ஜாக் வெளி உலோகத்துலயும் இன்னொண்ண புது பார்லயும் வச்சுப் பாருங்க, பீப் அடிக்கணும். அடிக்கலன்னா மேடையில ஆம்ப் உர்ருன்னு இரையும்.

இப்ப ட்ரபீஸுக்கு வருவோம். தஞ்சாவூர்ல வீணை செய்யிற பட்டறையில நின்னு பாத்திருக்கீங்களா? தந்தி குதிரையத் தாண்டிப் போய் குடத்தோட கடைசியில நாகபாசத்துல புடிச்சிருக்கும். மேல் பலகை குதிரையோட அழுத்தத்த மட்டும் தாங்கும், இழுவையெல்லாம் கடைசி ஓரத்துக்குப் போயிடும். ட்ரபீஸும் அதே கணக்குதான், கித்தாரோட அடிப்பக்கத்துல ஸ்ட்ராப் பட்டன் இருக்கிற எடத்துல திருகு போட்டு நிக்கும். உங்க ஸ்டாப் பார் அப்படி இல்ல, நேரா மேல் பலகையிலயே புடிச்சிருக்கு. 10-46 தடிமன் தந்தி செட் போட்டா ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 44 கிலோ இழுக்கும். 335ல அதை எப்படித் தாங்குதுன்னா, நடுவுல கழுத்துலேர்ந்து அடி வரைக்கும் ஒரு கெட்டி மரக்கட்டை ஓடுது. அந்தக் கட்டை இல்லாத கித்தார்ல ஸ்டாப் பார் போட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும், ஏன்னா 22 வயசுல நானே போட்டேன். பதினஞ்சு நாள்ல ஸ்டட் ரெண்டும் கழுத்துப் பக்கமா சாஞ்சுது, பலகை அப்பளம் மாதிரி உப்பிருச்சு. அந்தக் கித்தார் இப்பவும் பரண்லதான் கெடக்கு.

உங்களுதுல கட்டை இருக்கும், ஆனாலும் எஃப் ஓட்டையில செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, நடுப்பக்கமா சுவர் மாதிரி மரம் தெரியணும். இருந்தா ட்ரபீஸ் தேவையே இல்ல. 335 வந்தது 1958ல, ஸ்டாப் பாரோடதான் வந்துச்சு, அறுபதுகளோட நடுவுல கம்பெனியே ட்ரபீஸுக்கு மாத்துனான், எண்பதுகள்ல திரும்ப ஸ்டாப் பாருக்கே வந்துட்டான். ட்ரபீஸ் போட்டா பிரிட்ஜுக்குப் (கித்தாரோட குதிரை) பின்னாடி தந்தி சாய்வு கொறையும், உங்கள மாதிரி அடிச்சு வாசிக்கிறவங்களுக்கு தந்தி சேடில (பிரிட்ஜ்ல தந்தி உக்கார்ற எடம்) விட்டு எகிறும், அதுக்கும் மேல கித்தார் நெஞ்சுல ரெண்டு ஸ்டட் ஓட்டை வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

பிக்ஸ்பி ஆசைக்கு: கட்டை இருக்கிற கித்தாருக்கு பி7 மாடல், முழு ஹாலோவுக்கு பி6 மாடல். பி7க்கு மேல் பலகையிலயும் திருகு போடணும். ஓட்டை போட மனசு வரலன்னா வைப்ரமேட்னு ஒரு பிளேட் வருது, பழைய ஸ்டட் ஓட்டையிலயே உக்காரும். ஆனா கார்த்திகை மழையில திறந்த மேடையில நாலு மணி நேரம் வாசிக்கிற ஆளு நீங்க, சுதி கலையிறதுக்கு இன்னொரு காரணத்தக் காசு குடுத்து வாங்கணுமான்னு யோசிச்சுக்கங்க. நானா இருந்தா வாங்க மாட்டேன்.

கடைசியா, பாரோட உயரம். கீழ இறக்கிக்கிட்டே வாங்க, தந்தி பிரிட்ஜோட பின் விளிம்புல இடிக்கப் போகுதுங்கிற எடத்துல நிறுத்துங்க. நடுவுல ஒரு சீட்டு நுழையிற அளவு போதும்.

கேள்வி: டெயில்பீஸ் மாத்தினா சத்தம் மாறுமா சார்? (வாசகி, திருவையாறு)

பதில்: கொஞ்சம் மாறும்மா. அலுமினியம் பாரு துத்தநாகக் கலவைய விட எடை கம்மி, கேட்டா லேசா திறந்த மாதிரி இருக்குன்னு சொல்றவங்க உண்டு. ஆனா புதுத் தந்தி போட்டா அதை விட அதிகமா மாறும்.

கேள்வி: என் பையனோட கித்தார் எபிஃபோன் கேஸினோ (உள்ள முழுக்கக் காலியா இருக்கிற கித்தார்) மாதிரி, ட்ரபீஸ் போட்டது. தொடைக்கலாம்னு ஆறு தந்தியையும் ஒண்ணாக் கழட்டினேன், பிரிட்ஜ் கையோட வந்துருச்சு. ஒடைச்சுட்டேனா? (ஒரு அப்பா, மன்னார்குடி)

பதில்: ஒண்ணும் ஒடையல சார், சில கித்தார்ல அது தந்தி அழுத்தத்துலதான் நிக்கும், ஒட்டியிருக்காது. நட்டுலேர்ந்து (கழுத்து உச்சியில தந்தி உக்கார்ற துண்டு) 12வது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) வரைக்கும் அளங்க, சுமார் 314 மில்லிமீட்டர் வரும். அதே அளவு 12வது ஃப்ரெட்லேர்ந்து பிரிட்ஜுக்கு இருக்கணும், தடிச்ச தந்திப் பக்கம் ரெண்டு மூணு மில்லி கூட வைங்க. பாலீஷ்ல பழைய தடம் லேசாத் தெரியும், அதுவே வழி காட்டும். அடுத்த தடவை ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு ஒவ்வொரு தந்தியா மாத்துங்க, பையன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.