அம்மாவுக்கு எந்த ரூம் தம்பி?

கேள்வி: 1948ல வந்த 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்' படம் குடும்பத்தோட பாத்தோம். காலைல ஒரே பாத்ரூமுக்கு நடக்குற அடிதடி அப்படியே எங்க வீடு. நாங்களும் இப்ப வீடு கட்டுறோம். பசங்க ரெண்டு பேருக்கும் தனி ரூம், மாடியில எங்க பெட்ரூம், கீழ எனக்கு ஆபீஸ் ரூம். அம்மா ஹால்லயே படுத்துப்பாங்க, அவங்களுக்குப் பழகிடுச்சு. பட்ஜெட் இடிக்குது, ஆபீஸ் ரூம் வேணாம்னு மனைவி சண்டை போடுறாங்க. யார் விட்டுக்கொடுக்கணும்?

பதில்: தம்பி, இந்தச் சண்டை வராத வீடு கட்டுன குடும்பத்தை நான் பாத்ததில்ல, அதை விடுங்க. ஊடால அம்மாவைப் பத்தி ஒரு வரி எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டீங்களே, அதைப் பேசுவோம்.

படத்துல ஆர்க்கிடெக்ட் பிளானை விரிச்சதும் வீடு கட்டுற புருஷன் பொண்டாட்டியா நடிச்ச கேரி கிராண்டும் மிர்னா லாயும் மாத்தி மாத்தி பென்சிலைப் பிடுங்கி ரூம், பாத்ரூம், அலமாரின்னு கோடு இழுத்துக்கிட்டே போவாங்க, கடைசியில மேல்மாடி கீழ்த்தளத்தை விட ரெண்டு மடங்கு பெருசா வந்து நிக்கும். அவ்ளோ பேராசையிலயும் பெத்த ரெண்டு பொண்ணுங்களை அவங்க மறக்கல. நீங்க பெத்தவளையே மறந்துட்டீங்க. பழகிடுச்சுன்னு உங்ககிட்ட அவங்க சொன்னாங்களா, நீங்களா முடிவு பண்ணிக்கிட்டதா? டிவி ஆஃப் ஆகுற வரைக்கும் தூங்க முடியாம உக்காந்திருக்கணும், யாராவது வந்தா பாயைச் சுருட்டிட்டு எந்திரிக்கணும், ஒரு புடவை மாத்தக்கூட உங்க ரூம் காலியாகணும். வயசான காலத்துல இதுதான் நீங்க குடுக்குறதா? பெத்தவங்களுக்குன்னு ஒரு கதவு வச்ச ரூம் ஒதுக்காம கம்ப்யூட்டருக்கு ரூம் போடுறது தப்பு, இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

கீழ இருக்குற அந்த ஆபீஸ் ரூமை அம்மாவுக்குக் குடுங்க. அட்டாச்டு பாத்ரூம், வழுக்காத டைல்ஸ், பிடிச்சுக்க சுவத்துல கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வையுங்க. எனக்கெதுக்குப்பா இதெல்லாம்னு அம்மா சொல்லத்தான் செய்வாங்க, கேக்காதீங்க. பின்னாடி பாத்துக்கலாம்னும் தள்ளாதீங்க, வேலை நடக்குறப்ப மாத்துனா செலவு எகிறும். படத்துல மிர்னா லாய் மிச்சமிருக்குற கல்லை ஒரு சின்ன மூலையில பதிச்சுத் தாங்கன்னு போற போக்குல சொன்னதுக்கு ஆயிரம் டாலருக்கு மேல பில் வந்துச்சே, அந்தக் காலத்துலயே வருஷம் 15,000 டாலர் சம்பாதிக்கிற புருஷனே ஆடிப்போயிட்டான். இன்ஜினியரை நாளைக்கே கூப்பிட்டு பிளானை மாத்துங்க, அம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு.