ரப்பர் கொட்டையும் கல்லீரலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பெருங்குடலில் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. சம்மதக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது கல்லீரலில் மூன்று கட்டிகள் என்கிறார்கள். கத்தி பட்டதால்தான் பரவியது என்கிறார் மாமா. புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் எப்படி வந்தது? பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

இலைச்சாற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், மாமாவிடம் வேண்டாம்.

'பரவியது' என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. இந்நோய் எண்ணெயைப் போலப் பரவுவதில்லை. 'குடியேறியது' என்பதே பொருத்தம். ஆனால் கப்பலேறி வந்து குடியேறியவரின் பேரன் நான், அச்சொல்லை நோய்க்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. 'முளைத்தது' என்போம்.

கெடாவில் நான் வளர்ந்த தோட்டத்தில், வெயில் ஏறியதும் ரப்பர் காய்கள் வெடித்துக் கொட்டைகளைச் சிதறடிக்கும். பொறுக்கியெடுத்துச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, சூடேறியதும் அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். எத்தனை விழுந்தாலும் முளைத்தவை சிலவே. கன்று நடுமுன் கொடிப்பயிர் விதைத்து மண்ணைப் பக்குவப்படுத்துவார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல் சொன்னதும் இதுதான்: விதை எங்கும் போகும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும்.

குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கட்டியின் செல்கள், தம்மை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடரின் புரதத்தைக் குறைத்துக்கொண்டு கழன்று, அந்த இரத்தத்தில் இறங்குகின்றன. பெரும்பாலானவை வழியிலேயே சாக, வந்து சேர்ந்தவற்றில் பலவற்றைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடுகின்றன. ஆனால் கட்டி அனுப்பும் எக்சோசோம் என்னும் நுண்பைகள் முன்னதாகவே போய் மண்ணைப் பக்குவப்படுத்துகின்றன; அங்குள்ள விண்மீன் வடிவச் செல்கள் கொல்லாஜன் நாரை இழைத்துப் பாத்தி கட்டிக் கொடுக்கின்றன. கட்டி கண்டுபிடிக்கப்படும் முன்பே போய்ச் சேர்ந்து உறங்கிக் கிடக்கும் செல்களும் உண்டு. உங்கள் கையெழுத்தை நினைத்து இரவில் விழித்திருக்காதீர்கள்.

என் கோபமெல்லாம் 'கல்லீரல் புற்றுநோய்' என்று நீங்கள் எழுதியதன் மேல்தான். ரப்பர் கொட்டை தென்னந்தோப்பில் முளைத்தால் தென்னையாகிவிடுமா? அது கல்லீரலில் முளைத்த பெருங்குடல் புற்றுநோய். ஓராண்டாக மருத்துவமனைக்கு நடந்தும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது உங்கள் பிழை. பெயர் தவறினால் மருந்தைப் பற்றிய உங்கள் கேள்வியும் தவறும். மருந்து பெரும்பாலும் பிறப்பிடத்தைப் பார்த்தே முடிவாகிறது. கேராஸ் (KRAS) மரபணுவில் பிறழ்வு இருந்தால் செடக்சிமாப் என்ற மருந்தால் பொதுவாகப் பயனில்லை. அப்பாவின் திசு அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டியபின் மீண்டும் வளரும் உறுப்பு கல்லீரல். மூன்று கட்டிகளையும் எடுத்துவிட முடியுமா என்பதை அடுத்த சந்திப்பில் நீங்களே கேளுங்கள்.