‘கேஷுவலாவே வாங்க’ என்றால் எதைப் போட்டுக்கொண்டு போவது?

கேள்வி: பெருங்குடியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அடுத்த வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. ஹெச்.ஆர். அனுப்பிய மெயிலில் ‘கேஷுவல் உடையில் வரலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட அலுவலகப் படங்களில் எல்லோரும் டி-சர்ட்டில் இருக்கிறார்கள், ஒருவர் அரை டிரவுசரில்கூட இருக்கிறார். அப்பா முழுக்கைச் சட்டை, டை, கறுப்பு ஷூ என்கிறார். அறை நண்பன் ஜீன்ஸ், டி-சர்ட் போதும் என்கிறான். கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: டையை மட்டும் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. அவர் சொல்வது அவர் காலத்துக்குச் சரிதான். இன்ஃபோசிஸ் மாதிரி பெரிய நிறுவனமே 2015ல்தான் வாரம் முழுக்க கேஷுவலாக வரலாம் என்று ஊழியர்களுக்கு அனுமதி கொடுத்தது. அதற்காக நண்பன் பேச்சையும் அப்படியே கேட்க வேண்டாம். படத்தில் இருப்பவர்கள் வேலை கிடைத்துவிட்டவர்கள். அரை டிரவுசர்க்காரர் முதலாளியாகக்கூட இருக்கலாம்.

அவர்கள் தினமும் போடுவதைவிட அரைப்படி மேலே இருந்தால் போதும். அவர்கள் டி-சர்ட் என்றால் நீங்கள் காலர் வைத்த சட்டை. அவர்கள் ஜீன்ஸ் என்றால் நீங்கள் காட்டன் பேன்ட். டக்-இன் கட்டாயமில்லை, ஆனால் வெளியே விடுகிற சட்டை பேன்ட் ஜிப்பின் பாதி வரைக்கும்தான் இறங்க வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் அது டக்-இன் செய்வதற்காகத் தைத்த சட்டை. அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? ‘ஜீன்ஸ் போட்டு வரலாமா மேடம்?’ என்று ஹெச்.ஆருக்கே ஒரு வரி போட்டுக் கேளுங்கள். அதற்காக யாரும் மார்க்கைக் குறைக்கமாட்டார்கள்.

இனி கடைக்குப் போவோம். டிரையல் ரூமில் எல்லோரும் கண்ணாடி முன் விறைப்பாக நின்று பார்க்கிறார்கள். இன்டர்வியூ நடப்பது உட்கார்ந்தபடி. அதனால் போட்டுப் பார்த்ததும் உள்ளே ஸ்டூல் இருந்தால் அதில் உட்காருங்கள், இல்லாவிட்டால் வெளியே வந்து ஒரு நாற்காலி கேளுங்கள். உட்கார்ந்ததும் மார்புக்குக் கீழே இரண்டு பட்டன்களுக்கு நடுவில் துணி கண் திறந்தாற்போல் விரிகிறதா? அந்த சைஸ் வேண்டாம். பேன்ட் மேலே ஏறி முழுக் கெண்டைக்காலும் தெரிகிறதா? நீளம் போதாது. மேசைமேல் எழுதுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகில் துணி இழுத்துப் பிடித்தால் தோள் அளவு சிறியது. தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். மேல்கையில் சரிந்திருந்தால் அண்ணன் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டது மாதிரி தெரியும். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் கவலை இல்லை, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துவிடலாம். எங்கள் தெருத் தையல்காரர் அதற்கு 100 ரூபாய் வாங்குகிறார். தோளைப் பிரித்துத் தைக்கச் சொன்னால் அவரே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

சட்டைத் துணி காட்டனாக இருக்கட்டும். லினன் பார்க்க அழகுதான், ஆனால் எம்.டி.சி. பஸ்ஸில் உட்கார்ந்து போய் இறங்கும்போது பழைய நியூஸ்பேப்பர் மாதிரி கசங்கியிருக்கும். பாலியஸ்டர் கலந்தது கசங்காது, ஆனால் சென்னை வெயிலில் உள்ளே வெந்துபோவீர்கள். இன்னொன்று, பலருக்கும் கடையில் நினைவுக்கு வராதது: வெளிர்நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் வியர்வை ஈரம் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகப்போகிறீர்கள் என்றால் இது முக்கியம்.

பேன்டின் உள்பக்க லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 98% காட்டன், 2% எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் நூல்) என்று இருந்தால் உட்கார்ந்து எழுவதற்குச் சுகமாக இருக்கும், முட்டிப் பகுதியும் சீக்கிரம் புடைக்காது. நிறம் காக்கியோ கருநீலமோ எதுவானாலும் சரி.

சுமார் 1,200 ரூபாய்க்கு பேன்ட், 900க்கு சட்டை, ஆல்ட்டரேஷனுக்கு ஒரு 150. ஷூவுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். புது ஷூ கடிக்கும், கடிபட்ட கால் முகத்தில் தெரியும். கல்லூரிக்குப் போட்ட ஷூ இருந்தால் கழுவி, பாலிஷ் போட்டு, கயிறை மட்டும் புதிதாக மாற்றுங்கள். மிச்சப் பணத்தில் மழை வந்தால் பெருங்குடி வரை ஆட்டோவில் போகலாம்.

முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கி, ஒருமுறை துவைத்து, ஒரு நாள் வீட்டில் போட்டுத் திரியுங்கள். சில வருஷம் முன்பு ஒரு சின்ன அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது நானும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பதில் சொன்ன ஒரு பையன். அவன் சட்டையின் இடது மார்பில் மேலிருந்து கீழாக ‘எல், எல், எல்’ என்று ஸ்டிக்கர் பட்டை ஒட்டியபடியே இருந்தது. அவனுக்கு வேலை கிடைத்தது, அது வேறு விஷயம். ஆனால் பாதி இன்டர்வியூவில் அதைக் கண்டுபிடித்தவன், மீதி நேரம் பூராவும் கையை மார்பில் வைத்துக்கொண்டே பேசினான்.

கேள்வி: எனக்கு ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் இன்டர்வியூ. முதல் சுற்று வீடியோவில், இரண்டாவது நேரில். எப்போதும் சுடிதாரும் குர்த்தியும்தான் போடுவேன். ‘அங்கே எல்லோரும் வெஸ்டர்ன்தான், ரெண்டு செட் வாங்கிக்கோ’ என்கிறார்கள் தோழிகள். வாங்கித்தான் ஆக வேண்டுமா? (சென்னை வாசகி)

பதில்: வேண்டாம். பழக்கமில்லாத உடுப்பைப் போட்டால் பாதிக் கவனம் அதை இழுத்துவிடுவதிலேயே போய்விடும். முழங்காலளவு காட்டன் குர்த்தி, அதற்கு நேர்வெட்டு பேன்ட், அவ்வளவுதான். துப்பட்டா உங்கள் இஷ்டம். போடுவதானால் இரண்டு பக்கமும் பின் குத்திவிடுங்கள். டேப்லெட்டில் உங்கள் வேலையைக் காட்டும்போது அது சரிந்து திரைமேல் விழுந்துகொண்டே இருந்தால் எரிச்சல்தான் மிச்சம். லெகிங்ஸ் என்றால் உள்ளே கையை விட்டு விரித்து, கடை வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கில் எல்லா லெகிங்ஸும் கெட்டியாகத்தான் தெரியும்.

புதிதாக குர்த்தி வாங்கினால் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, சாயம். வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு முனையை நனைத்து, குர்த்தியின் உள்பக்கத் தையலோரம் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். கருநீலமும் மெரூனும்தான் அதிகம் ஒட்டும். கைக்குட்டையில் ஒட்டுவது, வியர்த்தால் உங்கள் கழுத்திலும் ஒட்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இரண்டு, ரேயான் துணி. விலை குறைவு, உடம்பில் அழகாக விழும், ஆனால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடலாம். அதைக் கொஞ்சம் தளர்வாக வாங்கி, இன்டர்வியூவுக்கு முன்பே துவைத்துவிடுங்கள்.

வீடியோ சுற்றுக்கு நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட துணி வேண்டாம். கேமராவில் அது தண்ணீர் அலை மாதிரி நெளிந்து மினுங்கும், எதிரே இருப்பவருக்குக் கண் வலிக்கும். அனிமேஷன்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை நிறம் போதும். அப்புறம், கேமரா மேல்பாதியைத்தானே காட்டும் என்று கீழே நைட் பேன்ட்டோடு உட்காராதீர்கள். சார்ஜர் எடுக்க எழுந்திருக்கும் நிமிஷம் வந்தே தீரும்.

கேள்வி: என் மகன் இன்டர்வியூவுக்கு பிளேஸர் வாங்கினோம். எம்.ஆர்.பி. 3,500 ரூபாய், 40% தள்ளுபடி போக 2,100. ஆனால் பில்லில் 5% ஜி.எஸ்.டி. என்று 105 ரூபாய் தனியாகச் சேர்த்து 2,205 வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் கை நீளம். ‘விற்ற துணி திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. மகனோ அங்கே யாரும் கோட்டு போடுவதில்லை என்கிறான். என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது ஐயா, ஆனால் வாங்கியாகிவிட்டது. முதலில் அந்த 105 ரூபாய். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் உள்ளடங்கிய விலை. 3,500க்குள்ளேயே வரி இருக்கிறது, அதில் தள்ளுபடி செய்த பிறகு மேலே வரி போடுவது முறையற்ற வணிகம். 2017லேயே தேசிய நுகர்வோர் ஆணையம் இப்படியொரு வழக்கில் அதைச் சொல்லிவிட்டது. பில்லும் விலைச்சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். முதலில் கடை மேலாளரிடம் கேளுங்கள். தரமறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வரி விகிதத்தில் தப்பில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உடுப்பின் விலை 2,500 ரூபாய் வரைக்கும் 5%, அதற்கு மேல் 18%. சேர்த்த விதம்தான் தப்பு.

கை நீளம் மட்டும் உங்கள் பக்கம் பலமில்லாத விஷயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை அவகாசம் உண்டு. தையல் விட்டிருந்தாலோ துணி கிழிந்திருந்தாலோ பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் செல்லாது. ஆனால் கை நீளமாக இருப்பது துணியின் குறை ஆகாது. கடைக்காரர் மனசு வைத்து மாற்றிக் கொடுத்தால் உண்டு.

மாற்றாவிட்டால் கைப்பட்டியில் இருக்கும் பட்டன்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவை சும்மா அழகுக்குத் தைத்தவை, பட்டன் துளை வெட்டியிருக்காது. அப்படியானால் நல்ல தையல்காரர் சுலபமாகக் குறைத்துத் தருவார். உள்ளே போட்ட சட்டைக் கையின் நுனி கால் அங்குலம் வெளியே தெரிகிற அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். இந்த இன்டர்வியூவுக்கு டை இல்லாமல், சாதாரணச் சட்டைமேல் போட்டுப் போகட்டும். உள்ளே போனதும் எல்லோரும் டி-சர்ட்டில் இருந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், ஏ.சி. குளிர்ந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கொடுத்து அனுப்பும் முன் பின்பக்க வெட்டில் பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கும் நூலை மறக்காமல் பிரித்துவிடுங்கள். கைப்பட்டிக்கு மேலே கம்பெனிப் பெயர் போட்ட துணி லேபிள் தைத்திருந்தால் அதையும்தான்.